தஃலீம்: ஒரு சொல் போன வழி

'தஃலீம்' என்ற சொல் காதில் விழாத முஸ்லிம் வீடு நம்மிடையே அநேகமாக இராது. தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் ஒருவர் கிதாபை எடுத்து வாசிக்கிறார். ஏனையோர் சுற்றி அமர்ந்து கேட்கிறார்கள். அதற்குத் தஃலீம் என்று பெயர். வாரத்தில் ஒரு நாள் பெண்கள் ஒரு வீட்டில் கூடி அதேபோல் வாசித்துக் கேட்கிறார்கள், அதுவும் தஃலீம்தான். டெல்லி முஃப்தி கிஃபாயத்துல்லாஹ் (ரஹ்) அவர்கள் உர்துவில் வினா விடையாக நான்கு பாகங்களில் எழுதிய சிறு நூலுக்குத் 'தஃலீமுல் இஸ்லாம்' என்று பெயர். எத்தனையோ மக்தபுகளில் பிள்ளைகள் அதைப் பாடமாக ஓதியிருக்கிறார்கள். உர்து பேசும் குடும்பத்திலோ, மாப்பிள்ளைக்கு 'தாலீம்' எவ்வளவு என்று பெண் வீட்டார் கேட்டால், பி.ஏ.வா, எம்.ஏ.வா என்று கேட்பதாகவே பொருள்.

சொல் ஒன்று, ஆனால் ஆளுக்கு ஒரு பொருளில் அதைப் பிடித்து வைத்திருக்கிறோம். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் பிள்ளைகளைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல்லையே விட்டுவிட்டு, இரண்டு தமிழ்ச் சொற்களைப் பங்கு பிரித்துக்கொண்டோம். மதரஸாவில் 'ஓதுகிறது', பள்ளிக்கூடத்தில் 'படிக்கிறது'. குர்ஆனை முடித்த பெண்பிள்ளையைப் பற்றி, "ஓதிவிட்டாள், அதுபோதும், இனிப் படிப்பு எதற்கு?" என்று சில வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். பரீட்சை நெருங்கிய ஆண்பிள்ளையைப் பற்றி, "படிக்கட்டும், ஓதல் எங்கே போய்விடப் போகிறது?" என்று வேறு சில வீடுகளில் சொல்லக் கேட்கிறோம். இரண்டு பேச்சிலும் இழப்பது பிள்ளைதான். இரண்டுக்கும் மார்க்கம் இடம் தருகிறதா என்று பார்ப்பதற்கு முன், தஃலீம் என்ற சொல்லையே கொஞ்சம் விசாரிக்கலாம் என்று நினைக்கிறோம். அரபு நாட்டில் பிறந்து, கடல் கடந்து, மலை கடந்து, எத்தனையோ மொழிகளில் குடியேறிய சொல் அது. நாம் மறந்த சில பொருள்களை அந்நிய மொழிகள் பத்திரமாக வைத்திருக்கின்றன.

வேரும் கிளைகளும்

அரபியில் ஐன், லாம், மீம் ஆகிய மூன்று எழுத்துகள் சேர்ந்த வேர் இது. 'அலிம' என்றால் அறிந்தான். அதன் பெயர்ச்சொல் 'இல்மு'. அறிந்தவர் 'ஆலிம்', பன்மையில் 'உலமா'. அறியப்பட்டது 'மஃலூம்'. நடுவெழுத்தை அழுத்தி 'அல்லம' என்று சொன்னால் கற்பித்தான் என்றாகும். அதிலிருந்து வந்ததே 'தஃலீம்', கற்பித்தல். கற்பிப்பவர் 'முஅல்லிம்', கற்பவர் 'முதஅல்லிம்'. அடையாளத்தைக் குறிக்கும் 'அலாமத்', கொடியைக் குறிக்கும் 'அலம்', உலகத்தைக் குறிக்கும் 'ஆலம்' ஆகியவையும் இதே வேரில் கிளைத்தவை. படைத்தவனை அறிய அடையாளமாக இருப்பதால் உலகத்துக்கு 'ஆலம்' என்ற பெயர் வந்தது என்று அரபி மொழியறிஞர்கள் விளக்கம் கூறுவதுண்டு.

ஒலியில் நெருங்கிவரும் வேறு சொற்களை இதனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'தாலிப்' என்றால் தேடுபவர், மாணவர். அதன் வேர் வேறு. 'தில்மீது' என்பதற்கும் மாணவர் என்றே பொருள். அதுவும் வேறு வேர்தான். யூதர்களின் தல்மூது என்ற நூற்பெயர் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது, நம் தஃலீமின் குடும்பத்தைச் சேர்ந்ததன்று.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. இதே வேரிலிருந்து 'இஃலாம்' என்ற சொல்லும் வருகிறது. அதற்கு அறிவித்தல் என்று பொருள். ஒருவருக்கு ஒன்றைத் தெரியப்படுத்துவதுதானே கற்பித்தல், அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே என்று கேட்கலாம். குர்ஆனின் சொற்களுக்குப் பொருள் விளக்கம் எழுதிய இமாம் ராகிப் இஸ்ஃபஹானி (ரஹ்) அவர்கள் இரண்டையும் பிரித்துக் காட்டுகிறார்கள். சட்டென்று ஒரு செய்தியைச் சொல்லிவிடுவது இஃலாம். திரும்பத் திரும்ப, ஏராளமாகச் சொல்லி, கற்பவருடைய உள்ளத்தில் ஒரு தடம் பதியும்வரை செய்வது தஃலீம். சொல்லின் நடுவெழுத்து அழுத்தம் பெற்றிருப்பதே அதற்கு அறிகுறி. அரபியில் அந்த அமைப்பு பெரும்பாலும் ஒரு செயல் மீண்டும் மீண்டும் நடப்பதைக் காட்டும்.

இந்த ஒரு விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எல்லாமே விளங்கும்.

திருமறையில்

அருள்மறையில் 'தஃலீம்' என்ற பெயர்ச்சொல் அப்படியே வரவில்லை. ஆனால் 'அல்லம' என்ற வினைச்சொல் பல இடங்களில் வருகிறது. ஆதம் (அலை) அவர்களுக்கு அல்லாஹ் எல்லாப் பெயர்களையும் கற்றுக்கொடுத்ததாக வரும் இடத்திலும் (2:31), எழுதுகோலைக் கொண்டு கற்றுக்கொடுத்தான், மனிதன் அறியாதவற்றைக் கற்றுக்கொடுத்தான் என்று முதல் வஹியில் வரும் இடத்திலும் (96:4,5) இருப்பது இச்சொல்தான். ரஹ்மான் சூராவின் தொடக்கத்தில் குர்ஆனைக் கற்பித்ததும், பேச்சாற்றலைக் கற்பித்ததும் இரண்டும் இதே சொல்லால் சொல்லப்படுகின்றன. பொருள்களின் பெயர், எழுத்து, பேச்சு, வேதம் எல்லாவற்றுக்கும் சொல் ஒன்றே. ஓதல் வேறு, படிப்பு வேறு என்று பிரித்த நம் பங்கீடு இங்கே காணப்படவில்லை.

அதற்காக, கற்பிக்கப்படுவதெல்லாம் நல்லது என்றும் ஆகிவிடாது. ஷைத்தான்கள் மக்களுக்குச் சூனியத்தைக் கற்பித்ததைச் சொல்லும் வசனத்திலும் (2:102) இதே சொல்தான் இருக்கிறது. மேலும், இடையூறு மட்டும் செய்து பயன் தராததை அவர்கள் கற்றார்கள் என்று அந்த வசனமே குறை கூறுகிறது. எதைக் கற்பிக்கிறோம் என்ற கேள்வி இல்லாமல் தஃலீம் நடந்தது என்று மகிழ்ந்துவிட முடியாது.

இப்ராஹீம் (அலை) அவர்களின் துஆ நமக்கெல்லாம் தெரிந்ததே. தம் சந்ததியில் ஒரு தூதரை எழுப்பும்படி கேட்டபோது, அவர் வேதத்தையும் ஞானத்தையும் கற்பிக்கவேண்டும், அவர்களைத் தூய்மைப்படுத்தவேண்டும் என்ற வரிசையில் கேட்டார்கள் (2:129). அந்த துஆவை ஏற்று நம் நாயகம் (ஸல்) அவர்களை அனுப்பியதைச் சொல்லும் இடங்களில் (2:151, 3:164, 62:2) அல்லாஹ் வரிசையை மாற்றிவிடுகிறான். தூய்மைப்படுத்துவது முன்னால் வருகிறது. கற்பிப்பது பின்னால் வருகிறது. முஃபஸ்ஸிர்கள் இதை எடுத்துக் காட்டி, உள்ளம் பக்குவப்படாத இடத்தில் கல்வி தங்காது என்று விளக்குகிறார்கள்.

இன்னொரு வசனத்தைப் பலர் கவனிப்பதில்லை. வேட்டைக்குப் பழக்கிய பிராணிகள் பிடித்துத் தரும் இரை ஹலால் என்று மாயிதா சூரா நான்காம் வசனம் கூறுகிறது. அல்லாஹ் உங்களுக்குக் கற்றுத்தந்ததிலிருந்து நீங்கள் அவற்றுக்குக் கற்றுக்கொடுக்கிறீர்கள் என்று அங்கே வருகிறது. நாய்க்குப் பழக்குவதற்கும் தஃலீமின் சொல்தான்! பழகாத நாய் கொன்ற இரை ஹராம். பழகிய நாய் பிடித்தது ஹலால். கல்வியின் மதிப்புக்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா என்று இமாம் இப்னுல் கய்யிம் (ரஹ்) அவர்கள் வியக்கிறார்கள். சரி, நாய் 'கற்றுவிட்டது' என்று எப்போது சொல்லலாம்? அனுப்பினால் போகவேண்டும், இரையைப் பிடித்தால் தான் தின்னாமல் எசமானுக்காக வைத்திருக்கவேண்டும். இது ஒரு தடவை நடந்தால் போதாது. மூன்று தடவை தொடர்ந்து நடக்கவேண்டும் என்று ஹனஃபி மத்ஹபில் சொல்லப்படுகிறது. பழகிவிட்டது என்று எண்ணும் அளவுக்குத் திரும்பத் திரும்ப நடக்கவேண்டும் என்று ஷாஃபிஈ மத்ஹபில் சொல்லப்படுகிறது. இமாம் ராகிப் அவர்கள் சொன்ன 'தடம் பதிதல்' ஃபிக்ஹு நூல்களில் சட்டமாகவே இருப்பதைப் பாருங்கள்.

அடிக்காத ஆசிரியர்

திருமறையில் வராத அந்தப் பெயர்ச்சொல் ஹதீஸில் வருகிறது. முஆவியா இப்னுல் ஹகம் (ரலி) என்றொரு சஹாபி. கலீஃபா முஆவியா (ரலி) அவர்கள் அல்லர், இவர் வேறு. இஸ்லாத்துக்குப் புதியவர். ஜமாஅத் தொழுகையில் நின்றிருக்கும்போது பக்கத்தில் ஒருவர் தும்மினார். இவர் தொழுகையிலேயே அவருக்கு மறுமொழியாக துஆச் செய்துவிட்டார். எல்லாரும் முறைத்துப் பார்த்தார்கள். "ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள்?" என்று அதையும் வாய்விட்டுக் கேட்டார். அவர்கள் தொடையில் தட்டி அவரை வாயடக்கினார்கள். தொழுகை முடிந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்தார்கள்? அடிக்கவில்லை, கடிந்துகொள்ளவில்லை, ஏசவில்லை. தொழுகையில் மனிதப் பேச்சுக்கு இடமில்லை. அது தஸ்பீஹும் தக்பீரும் குர்ஆன் ஓதுவதும்தான் என்று எடுத்துரைத்தார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு முன்பும் பின்பும் அவர்களைவிட அழகாகத் தஃலீம் செய்யும் ஒரு முஅல்லிமை நான் கண்டதில்லை என்று அந்த சஹாபி பிற்காலத்தில் சொன்னதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம்.

அவர் எதைச் சொல்லிப் புகழ்ந்தார் என்பதைக் கவனிக்கவேண்டும். நபியவர்கள் கற்பித்த விஷயத்தின் பெருமையை அவர் அங்கே பேசவில்லை. அடிக்காததையும் கடியாததையும்தான் முதலில் சொல்கிறார்.

நம் ஊர்களில் பிள்ளையை மதரஸாவில் கொண்டுபோய் விடும்போது, "கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள் உஸ்தாது" என்று சொல்லிவிட்டு வந்த தகப்பன்மார் உண்டு. துருக்கியிலும் இதைப் போலவே, சதை உனக்கு, எலும்பு எனக்கு என்று பிள்ளையை ஆசிரியரிடம் ஒப்படைக்கும் பேச்சு உண்டாம்! தூரதேசத்து முஸ்லிம்களும் நம்மைப் போலத்தான். ஆனால் இந்த வழக்கத்துக்கு அந்த ஹதீஸில் ஆதாரம் இல்லை. பிரம்பைக் கண்டு அழுத பிள்ளை வளர்ந்து ஆளானபின் மதரஸா இருந்த தெருப்பக்கமே போகாமல் இருப்பதை நாம் காண்கிறோம். தடம் பதிந்ததுதான், வேறு தடம்.

தொழுகையைச் சரியாகத் தொழாத ஒருவரை நாயகம் (ஸல்) அவர்கள் மூன்று முறை திரும்பிப் போய்த் தொழச் சொன்னதும், இதைவிட நன்றாக எனக்குத் தெரியாது, எனக்குக் கற்றுக்கொடுங்கள் என்று அவரே கேட்டபின் ஒவ்வொன்றாக விளக்கியதும் புகாரியில் இருக்கிறது. கேள்வி பிறக்கும்வரை காத்திருந்து பதில் தந்தார்கள். அதுவும் தஃலீமின் ஒரு முறை.

ஐன் பட்ட பாடு

இனி இச்சொல் வெளிநாடு சென்ற கதைக்கு வருவோம். தொண்டையின் நடுவிலிருந்து எழும் 'ஐன்' என்ற எழுத்து அரபியர் அல்லாதார் நாவுக்கு எளிதில் வராது. எனவே ஒவ்வொரு நாட்டாரும் அதை ஒவ்வொரு விதமாக மாற்றினார்கள். இந்தியாவில் ஐன் கரைந்து, முன்னால் உள்ள உயிர் நீண்டுவிட்டது. தஃலீம் 'தாலீம்' ஆயிற்று, மஃலூம் 'மாலும்' ஆயிற்று. வேறொரு அரபி வேரிலிருந்து வந்த 'தஅல்லுகா'தான் நம் 'தாலுகா'. மலாய்க்காரர்கள் சொல்லின் நடுவில் ஐன் வந்தால் அதைக் 'க்' ஆக்கிவிட்டார்கள். 'தக்லிம்', 'மக்லும்' என்பார்கள். ரஇய்யத் அங்கே 'ரக்யாத்'. தாத்தாரிய மொழியில் அது கனத்த 'க'வாக ஒலிக்கிறது. சோமாலியர் 1972இல் தம் மொழிக்கு லத்தீன் எழுத்தை ஏற்றபோது, ஐனுக்கென்று ஓர் எழுத்தையே ஒதுக்கி வைத்தார்கள். தமிழ் முஸ்லிம்களாகிய நாம் என்ன செய்தோம்? தொல்காப்பியக் காலத்து ஆய்த எழுத்தை எடுத்து அந்த இடத்தில் வைத்துக்கொண்டோம். முப்பாற்புள்ளி ஐனுக்கு ஆசனமாகும் என்று எந்தத் தமிழாசிரியரும் நினைத்திருக்கமாட்டார்!

இந்தோனேசியாவில் 'மஜ்லிஸ் தக்லிம்' என்றால் மார்க்கம் படிக்கும் கூட்டம். பெரும்பாலும் பெண்கள் கூடுவது. மலேசியாவிலோ 'தக்லிமாத்' என்பது அலுவலகச் சொல். ஒரு வேலையைத் தொடங்குமுன் அதிகாரி ஊழியர்களைக் கூட்டி விவரம் சொல்வதற்கு அந்தப் பெயர். இமாம் ராகிப் அவர்களிடம் கேட்டால், அது தஃலீம் அன்று, இஃலாம் என்று திருத்தியிருப்பார்கள்.

துருக்கியில் இச்சொல் இராணுவத்தில் சேர்ந்துவிட்டது. 'தாலிம்' என்றால் அங்கே சிப்பாய்களின் கவாத்து. இஸ்தான்புல்லில் தக்ஸீம் சதுக்கத்தை அடுத்துத் 'தாலிம்ஹானே' என்றே ஒரு பகுதி உண்டு. கவாத்து மைதானம் என்று பொருள். தினமும் ஒரே உணவைத் தின்று காலம் தள்ளுவதையும், காய்ந்த ரொட்டிக்குத் தாலிம் செய்வதாகத் துருக்கியர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. கல்விக்கும் ஆசிரியருக்கும் புதிய துருக்கிச் சொற்கள் வந்துவிட்டன. ஆயினும் 1926இல் அமைந்த கல்விக் குழுவின் பெயரில் 'தாலிம் வெ தெர்பியெ' என்று பழஞ்சொல் இன்றும் இருக்கிறது. அடுத்துள்ள அஸர்பைஜானில் முஅல்லிம் என்ற சொல்லை மரியாதைக்குரிய எந்த ஆடவரின் பெயருக்குப் பின்னாலும் சேர்க்கிறார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழியில் கல்விக்கு 'எலிமு' என்றும், ஆசிரியருக்கு 'ம்வாலிமு' என்றும் பெயர். பல ஆசிரியர்களைச் சொல்லும்போது 'வாலிமு'. அந்த மொழியில் மனிதரைக் குறிக்கும் சொற்கள் ஒருமையில் 'ம' என்றும் பன்மையில் 'வ' என்றும் தொடங்கும். முஅல்லிமின் முதலெழுத்தைத் தங்கள் ஒருமை முன்னொட்டு என்றே எடுத்துக்கொண்டு, பன்மையும் கண்டுவிட்டார்கள். தான்சானியாவின் முதல் அதிபர் ஜூலியஸ் நைரேரே முன்பு ஆசிரியராக இருந்தவர், கிறிஸ்தவர். அவரை நாடு முழுதும் ம்வாலிமு என்றே அழைத்தது. மேற்கே ஹவுஸா மொழியில் ஆசிரியர் 'மாலம்'. இன்று படித்தவர் எவருக்கும் அது திரு என்பதுபோல் அடைமொழியாகிவிட்டது.

நம் நாட்டில், மராத்தியருக்குத் தாலீம் என்றால் மல்யுத்தக் கூடம். கோலாப்பூரில் பெயர்பெற்ற தாலீம்கள் பல உண்டு. பயில்வான்கள் செம்மண் குழியில் இறங்கி நாள்தோறும் பிடியும் மறுபிடியும் பழகும் இடங்கள். இந்துஸ்தானி இசைக்காரர்கள் உஸ்தாதிடம் வருஷக்கணக்கில் இருந்து பயில்வதையும் தாலீம் என்பார்கள். இசை பற்றிய மார்க்கத் தீர்ப்பு வேறு விஷயம். நாம் இங்கே சொல்லைத்தான் தேடிப் போகிறோம்.

காஷ்மீரத்தில் இருப்பது எல்லாவற்றையும்விட விந்தையானது. அங்கே சால்வைக்கும் கம்பளத்துக்கும் உரிய கோலத்தைப் படமாக நெசவாளரிடம் கொடுப்பதில்லை. எந்த நிறம், எத்தனை இழை அல்லது முடிச்சு என்பதைக் குறியீடுகளாக மாற்றி, நீண்ட காகிதத் துண்டுகளில் வரிவரியாக எழுதிவிடுகிறார்கள். அந்தக் குறியீட்டெழுத்துக்குத்தான் தாலீம் என்று பெயர். அதை எழுதுபவர் 'தாலீம் குரு'. கம்பளத் தறியில் ஒருவர் தாலீமை ராகம்போல உரக்க வாசிக்க, உடன் இருப்பவர்கள் கேட்டு முடிச்சுப் போட்டுக்கொண்டே வருவார்கள். வாசித்த ஒவ்வொரு வரியும் அந்த நிமிஷமே நூலில் ஏறிவிடுகிறது. ஏறாமல் அடுத்த வரிக்குப் போக முடியாது.

துருக்கிச் சிப்பாய், கோலாப்பூர்ப் பயில்வான், காஷ்மீர நெசவாளி ஆகிய இவர்களுக்கெல்லாம் தஃலீம் என்றால் கையும் காலும் பழகும் காரியம். ஒரு தடவை கேட்டுவிட்டு எழுந்து போவதை இவர்களில் எவரும் தஃலீம் என்று சொல்லமாட்டார்கள்.

கப்பலில் ஏறிய முஅல்லிம்

தமிழுக்கும் இச்சொல் வேறொரு வேடத்தில் வந்திருக்கிறது. அரபுக் கடலோடிகள் கப்பலின் வழிகாட்டியை முஅல்லிம் என்று அழைத்தார்கள். நட்சத்திரத்தைப் பார்த்து, காற்றை அறிந்து, ஆழத்தை அளந்து, மற்றவர்களுக்கு வழி சொல்லித்தருபவர் என்பதால் ஆசிரியர் என்ற அந்தப் பெயர். அக்பர் காலத்து 'ஆயினே அக்பரி' கப்பல் ஊழியர்களை வரிசைப்படுத்தும்போது நாகுதா, முஅல்லிம், தண்டல், சாரங்கு என்றெல்லாம் எழுதுகிறது. கட்ச் நாட்டில் முஅல்லிம் 'மாலம்' ஆனார். பதினெட்டாம் நூற்றாண்டில் ஹாலந்து வரை சென்று கைத்தொழில் கற்றுவந்து, புஜ் நகரில் ஆயினா மஹால் என்ற கண்ணாடி மாளிகையைக் கட்டிய கலைஞரின் பெயர் ராம்சிங் மாலம், அவர் இந்து. இலட்சத்தீவில் வழிகாட்டிகளின் குடும்பங்களுக்கு 'மால்மி' என்ற பெயர் நிலைத்தது. இந்தோனேசியக் கப்பல்களில் இன்றும் அதிகாரிகளுக்கு 'முஆலிம்' என்றே பதவிப்பெயர்.

தமிழில் அதுதான் 'மாலுமி'. பள்ளிப் பாடப்புத்தகத்திலும் செய்தித்தாளிலும் தினமும் வருகிற அதே மாலுமி! கப்பலைத் திருப்பும் 'சுக்கான்' என்பதும் அரபிச் சொல்லே.

1498இல் வாஸ்கோ ட காமா மாலிந்தித் துறையிலிருந்து கள்ளிக்கோட்டைக்கு வரும்போது அவருக்கு வழிகாட்டி வந்தவரைப் போர்த்துக்கீசிய ஆசிரியர்கள் 'மலேமோ கானா' என்றும் 'கனாக்கா' என்றும் எழுதிவைத்தார்கள். பலர் அதை ஓர் ஆளின் பெயர் என்று எண்ணினார்கள். மலேமோ என்பது முஅல்லிம். கனாக்கா என்பது கணிப்பவர் என்ற பொருளுள்ள வடசொல்லின் திரிபு. நம் கணக்கன் நினைவுக்கு வருகிறானல்லவா? இரண்டும் பட்டங்களே தவிர, அந்த மனிதரின் பெயர் எங்குமே இல்லை. அவர் புகழ்பெற்ற அரபு மாலுமி இப்னு மாஜிதுதான் என்று நீண்டகாலம் எழுதப்பட்டு வந்தது. இன்றைய ஆய்வாளர்கள் பலர் அதை ஏற்பதில்லை.

உயிரையும் சரக்கையும் நம்பி ஒப்படைத்த ஆளுக்கு நம் முன்னோர் ஆசிரியர் என்று பெயர் வைத்தார்கள். மஹல்லாவில் பிள்ளைகளை ஒப்படைத்திருக்கும் முஅல்லிமுக்கு மாதச் சம்பளம் பேச உட்காரும் கூட்டங்களில், பள்ளிவாசலுக்கு மினாரா எழுப்பும் செலவைப் பற்றி இழுக்காத கையை அங்கே இழுத்துக்கொள்கிறோம். இதைச் சொல்லாமல் தாண்டிப் போக மனம் வரவில்லை.

புதிய தாலீம்

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் தம் கைத்தொழில் வழிக் கல்வித் திட்டத்தை முன்வைத்தார். அதை வகுத்துத் தரும் குழுவுக்கு டாக்டர் ஜாகிர் ஹுசைன் தலைவராக இருந்தார். 'நயீ தாலீம்', அதாவது புதிய கல்வி, என்ற பெயர் அதற்கு நிலைத்தது. அதை நடத்த 'ஹிந்துஸ்தானி தாலீமி சங்கம்' ஏற்பட்டது. அதன் செயலாளராக உழைத்த ஆரியநாயகம் இலங்கைத் தமிழர். தமிழகத்தில் அதை ஆதாரக் கல்வி என்று வழங்கினோம். நூற்பதும் நெய்வதும் தோட்ட வேலையும் பாடத்தோடு சேர்ந்தே நடக்கவேண்டும் என்ற திட்டத்துக்குத் தாலீம் என்ற சொல் பொருத்தமாகவே அமைந்தது.

அரபு நாடுகளிலோ கல்வி அமைச்சுக்கு முன்னாளில் 'மஆரிஃப்' என்று பெயர். எகிப்தில் அது 'தர்பியா வத்தஃலீம்' ஆயிற்று. சவூதியில் 2003இல் அவ்வாறே மாறி, 2015இல் வெறும் 'தஃலீம்' என்றாயிற்று. இந்தப் பெயர் மாற்றங்களுக்குப் பின்னே ஒரு விவாதம் இருக்கிறது. 1977இல் மக்காவில் முஸ்லிம்களின் கல்வி பற்றிய முதல் உலக மாநாடு கூடியபோது, கல்விக்குச் சரியான இஸ்லாமியச் சொல் எது என்றே வாதம் நடந்தது. வளர்த்தெடுத்தல் என்ற பொருளுள்ள 'தர்பியா' என்றனர் சிலர். அறிவு புகட்டும் 'தஃலீம்' என்றனர் சிலர். மலேசிய அறிஞர் சையிது முஹம்மது நகீப் அல்அத்தாஸ், ஒழுக்கம் பழக்கும் 'தஃதீப்' என்பதே பொருந்தும் என்று வாதிட்டார். மூன்றையும் சேர்த்தே சொல்லலாம் என்பது நம் எண்ணம். பழைய பொருளில் எடுத்துக்கொண்டால் தஃலீமுக்குள் மற்ற இரண்டும் ஓரளவு அடங்கிவிடும். தகவலைக் கொட்டுவது என்று சுருக்கிக்கொண்டால்தான் துணைக்கு ஆள் வேண்டியிருக்கிறது.

வீட்டில் நடக்கும் தஃலீம்

இமாம் ஸர்நூஜி (ரஹ்) அவர்கள் மாணவர்களுக்கென எழுதிய நூலின் பெயர் 'தஃலீமுல் முதஅல்லிம் தரீகத் தஅல்லும்'. கற்பவருக்குக் கற்கும் வழியைக் கற்பித்தல் என்று பொருள். ஒரே வேரை மூன்று தடவை போட்டு நூலுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்! சுமார் எண்ணூறு ஆண்டுகளாகத் துருக்கியிலிருந்து ஜாவா வரை மதரஸாக்களில் ஓதப்பட்டு வரும் நூல் அது. நிய்யத்தைச் சரிசெய்வது, ஆசிரியரையும் கூட்டாளியையும் தேர்ந்தெடுப்பது, கிதாபை மரியாதையாகக் கையாள்வது, படித்ததை மீண்டும் மீண்டும் ஓதிப்பார்ப்பது என்று சின்னச் சின்ன விஷயங்களைத்தான் பேசுகிறது. 'ஹிதாயா' ஆசிரியரான தம் உஸ்தாது பாடத்தைப் புதன்கிழமை தொடங்குவார்கள் என்பதைக்கூட எழுதிவைத்திருக்கிறார்கள்.

குர்ஆனைத் தங்களுக்குக் கற்பித்த சஹாபாக்கள் பத்து வசனங்களைக் கற்றால், அவற்றிலுள்ள இல்மையும் அமலையும் தெரிந்துகொள்ளாமல் அடுத்த பத்துக்குப் போகமாட்டார்கள் என்று தாபிஈ அபூ அப்திர் ரஹ்மான் ஸுலமி (ரஹ்) அவர்கள் அறிவிக்கிறார்கள். இதை வைத்து நம் வீட்டுத் தஃலீமைப் பார்க்கலாம். இரவுச் சோற்றுக்கு முன் பத்து நிமிஷம் ஒருவர் வாசிக்கிறார். அது பரக்கத்தான காரியம், அதை விட்டுவிடவேண்டாம். ஆனால் வாசிப்பவர் வேகமாக வாசித்து, கேட்பவர் அடுப்பில் இருப்பதை நினைத்து, பிள்ளைகள் தூங்கி வழிந்தால், நடந்தது இஃலாம்கூட அன்று. ஒரு ஹதீஸ் போதும். அதை மெதுவாக, இரண்டு தடவை வாசிக்கலாம். வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையைத் திருப்பிச் சொல்லச் சொல்லலாம். தப்பாகச் சொன்னால் சிரிக்காமல் திருத்தலாம். மறுநாள் புதிய பக்கத்தைப் புரட்டுமுன், நேற்றையது என்ன என்று கேட்கலாம். நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு வார்த்தையைச் சொன்னால், விளங்கவேண்டும் என்பதற்காக மூன்று முறை சொல்வார்கள் என்று அனஸ் (ரலி) அறிவித்திருக்கிறார்களே!

இந்தத் தஃலீமை நடத்தப் பெண்களே தகுந்தவர்கள் என்போம். பகலெல்லாம் பிள்ளைகளோடு இருப்பவர்கள் அவர்கள்தாம். அதற்கு அவர்களுக்குப் படிப்பு வேண்டும். தொடக்கத்தில் சொன்ன பெண்பிள்ளையின் பேச்சு இங்கே திரும்ப வருகிறது. ஷிஃபா பின்த் அப்துல்லாஹ் (ரலி) என்ற சஹாபிப் பெண்மணி எழுதத் தெரிந்தவர். உம்முல் முஃமினீன் ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுத்தைக் கற்றுக்கொடுத்தார். அவர் ஹஃப்ஸா (ரலி) அவர்களோடு இருக்கும்போது நாயகம் (ஸல்) அவர்கள் வந்தார்கள். 'நம்லா' என்ற தோல்நோய்க்கு ஓதிப்பார்க்கும் முறையும் ஷிஃபா (ரலி) அவர்களுக்குத் தெரியும். இவருக்கு எழுத்தைக் கற்பித்ததைப் போல் அதையும் கற்பிக்கலாகாதா என்று நபியவர்கள் கேட்டார்கள். அபூதாவூதில் உள்ள அந்த ஹதீஸில் ஓதிப்பார்ப்பதற்கு ஒரு சொல்லும் எழுத்துக்கு வேறொரு சொல்லும் இல்லை. இரண்டு இடத்திலும் 'அல்லம' என்பதே இருக்கிறது.